சட்டமும் சட்டியும்

மீன் தின்கிறவனுக்குக் கடலைப் பற்றிக் கவலைப்பட உரிமை உண்டா? சைவ நண்பர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. "ஏன் இல்லை?" என்று சற்றுக் கோபமாகவே பதில் சொன்னேன். சென்ற மே மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம் அந்தப் பதிலை மறுபடியும் யோசிக்க வைத்துவிட்டது.

அன்று காலை பத்திரிகையில், தடையை மீறிக் கடலுக்குப் போன விசைப்படகுகளைப் பற்றிப் படித்தேன். "பேராசை பிடித்தவர்கள்!" என்று மனத்துக்குள் வைதுகொண்டே பையை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்கு நடந்தேன். வழக்கமாக மீன் கொடுக்கும் ஆயா ஒரு மீனைத் தூக்கி அதன் வயிற்றை அமுக்கிக் காட்டினாள்.

"சினை மீன் சார். துட்டு கொஞ்சம் கூட ஆவும்."

பேரம் பேசாமல் வாங்கினேன். சினை என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. காலையில் யாரை வைதேனோ, அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சட்டம் இதுதான். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. அந்த இடம் கட்டுமரக்காரனுக்கும் சிறு படகுக்காரனுக்கும் உரியது. இது தவிர, கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு ஓய்வு. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017இல் 61 நாளாயிற்று. பல மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் அது என்பதே காரணம்.

இந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது கடலுக்குக் காட்டும் கருணை அல்ல; மனிதனுக்குக் காட்டும் கருணைதான். ஒரு நல்லவன் தானாகவே வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் விட்டுவைத்த மீனை அடுத்த படகுக்காரன் அள்ளிக்கொண்டு போவான். நல்லவன் ஏமாளியாவான், அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்கும். எல்லோருக்கும் பொதுவான பொருளில் "போதும்" என்று ஒருவன் மட்டும் சொல்லிப் பயனில்லை. எல்லோரும் ஒரே நாளில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பதுதான் சட்டம். நல்லவனாக இருப்பதால் வரும் நஷ்டத்தை அது எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? அங்கேதான் தவறிவிட்டேன். விசைப்படகுக்காரன் 61 நாள் படகைக் கட்டிப்போடுகிறான். அரசாங்கம் கொடுக்கும் நிவாரணத் தொகை அவனிடம் வேலை பார்க்கும் கூலிக்காரன் குடும்பத்துக்கு எத்தனை நாள் காணும்? ஒரு காலத்தில் கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகு வாங்கச் சொன்னதும் அரசாங்கம்தான். அவனைக் கட்டிப்போட்ட நாம் எதை விட்டோம்? கூவமும் அடையாறும் இந்த நகரத்துச் சாக்கடையைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. நம் வீட்டுச் சட்டிக்கும் விடுமுறை இல்லை. சினைக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக நாம் கரையில் காத்திருக்கிறோம். அந்த விலைதானே கடலுக்குள் வலையாக விழுகிறது?

நான் வாங்கிய மீன் சிறு படகில் வந்தது. அந்தப் படகுக்குத் தடை இல்லை. ஆகவே சட்டப்படி ஆயாவும் குற்றவாளி அல்ல, நானும் அல்ல. ஆனால் சட்டத்துக்குத் தப்பியதெல்லாம் நியாயமாகிவிடுமா? சட்டம் விற்கிறவன் கையைப் பிடிக்கலாம். தின்கிறவன் நாக்கைப் பிடிக்க முடியாது. அந்த இடத்தில் மனச்சாட்சி ஒன்றுதான் காவல்காரன். அந்தக் காவல்காரன் அடிக்கடி தூங்கிவிடுகிறான் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியது. கடற்புல்லை மேய்ந்து திரியும் சாதுவான பிராணி அது. அதற்கு ஓட்டு இல்லை, வழக்காடத் தெரியாது. கேட்கத் தெரியாததற்கும் உரிமை உண்டு என்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொள்ளும்போது, இன்னும் பொரியாத முட்டைக்கு என் வீட்டில் உரிமை இல்லையா?

அடுத்த வாரம் ஆயாவிடம் சொன்னேன்: "இந்த இரண்டு மாதம் எனக்குச் சினை மீன் வேண்டாம், ஆயா."

அவள் சிரித்தாள். "நீ வாங்காங்காட்டி செத்த மீனு எயிந்து நீந்திப் பூடுமா? நான் வித்தாத்தானே சார் எனக்குக் கஞ்சி?"

என்னிடம் பதில் இல்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு மீன் வாங்கினேன். சினைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தையும் சேர்த்தே நீட்டினேன். அவள் மீன் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் மீனை அரிந்துகொண்டே மனைவி கேட்டாள்: "என்னங்க, சினை இல்லையா?"

காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஜூன் பதினாலு வரைக்கும்தானே? இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

கடலுக்கு இதனால் என்ன லாபம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலைப் பத்திரிகையைப் படித்தபோது யாரையும் வையவில்லை.