மையும் வெள்ளெழுத்தும்

40 வயதைத் தாண்டினால், சிறுகச் சிறுக இறுகி வந்த கண்ணின் வில்லை தன் வேலையைக் காட்டிவிடுகிறது. கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. வெள்ளெழுத்து என்கிறோம். புத்தகமென்றால் கையை நீட்டிப் பிடித்துச் சமாளிக்கலாம். கண்ணுக்கு மை தீட்டுவது எப்படி? மூக்குக் கண்ணாடியைப் போட்டால் விரல் இமைக்குப் போகாது. கழற்றினால் இமை தெரியாது. நிலைக்கண்ணாடிக்கு 1 அடி தள்ளி நின்றால் பிம்பம் 2 அடி தூரத்தில் இருப்பதாகவே கண்ணுக்குக் கணக்கு. பௌதிகம் காட்டும் சலுகை அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் மையின் கோணல் எங்கே தெரியப் போகிறது?

"இந்த வயதில் அலங்காரம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 60 வயதில் நாள் தவறாமல் சவரம் செய்துகொள்ளும் ஆண்பிள்ளையை யாரும் அப்படிக் கேட்பதில்லை! தனக்கே சரியாகத் தெரியாத முகத்தைப் பிறர் பார்வைக்காகத் திருத்திக்கொள்வது பகட்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகிறவர்களுக்காக வாசலில் கோலம் போடுவதைப் பகட்டென்றா சொல்கிறோம்?

என்னை உறுத்துவது வேறு. மை கன்னத்தில் இழுபட்டிருக்கிறது. அந்த அம்மாள் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டாள். 'சொன்னால் மனம் புண்படுமே' என்று எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள். அவள் நகர்ந்ததும் சிரிக்கிறார்கள். இதற்குப் பெயர் நாகரிகமாம்! கூட ஒரு பேத்தி வந்திருந்தால், "பாட்டி, கொஞ்சம் குனி" என்று விரலால் துடைத்துவிட்டு விளையாடப் போயிருப்பாள்.