விட்ட இடம்

தறிக்கொட்டகையில் தறி இல்லை. இரண்டு விசைத்தறிகளையும் பழைய இரும்புக்குப் போட்டு ஏழு வருடம் ஆகிறது. அவை நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரையும் எட்டு போல்ட்டு ஓட்டைகளும் மிச்சம். அதில் நான்கில் என் மேசையின் கால்களை முடுக்கியிருக்கிறேன். மேசையின் அளவையே அந்த ஓட்டைகளுக்குத் தகுந்தாற்போலத்தான் வைத்தேன். துளை போடும் மிஷினை இரவல் கேட்டு அலைய வேண்டாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சுவரில் அப்பாவின் சாக்பீஸ் கணக்கு இன்னும் அழியவில்லை. எந்தப் பாவு எப்போது ஏறியது, எத்தனை சேலை இறங்கியது. அதற்குக் கீழே என் மனைவியின் கையெழுத்தில் வேறொரு கணக்கு: மாடித் தொட்டி மிதவை. குளியலறைக் கதவு. அடுப்படி அலமாரி. அத்தை கட்டில். அத்தை என்பது என் அம்மா.

மிஷின் இந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

*

செய்துகொண்டிருப்பது ஒரு சிஎன்சி ரூட்டர். சேலத்தில் வாசல் கதவுக்குக் கஜலட்சுமி வெட்டித் தரும் கடைகளில் ஓடுகிறதே, அந்தப் பெரிய மிஷினுக்குத் தம்பி. ஒன்றரை அடிக்கு இரண்டடி பலகையை வைக்கலாம். நீளவாக்கில், அகலவாக்கில், மேலும் கீழுமாக மூன்று திருகுத் தண்டுகள். தண்டுக்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார். வெட்டுவதற்கு ஆசாரிமார் கையில் பிடித்து ஓட்டும் டிரிம்மர். மூளைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஓர் அர்டுயினோ பலகை, அதில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். 2009இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதத் தொடங்கியது. 32 கிலோபைட்டுக்குள் மொத்தமும் அடங்கிவிடுகிறது. என் போனில் ஒரு போட்டோவுக்கு இதைப்போல நூறு மடங்கு இடம் வேண்டும்.

"பெரிய ஜி.டி. நாயுடுன்னு நெனப்பு" என்றார் சித்தப்பா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. எங்கள் பக்கம் திருப்புளி பிடித்தவன் எவனும் இந்தப் பட்டத்துக்குத் தப்ப முடியாது. நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டியவர். அவர் பூட்டினார் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கழற்றிப் போட்ட நிலையில் எத்தனை நாள் கிடந்தது, அதற்குள் யார் யார் என்னென்ன வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பதை யாராவது எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

*

சட்டம் சதுர டியூப்பில். வெல்டிங் பட்டறையில் பற்று வைத்தபோது சரியாக இருந்தது. முழுக்க ஓட்டி முடித்ததும் இரும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மூலைமட்டம் வைத்தால் சரி என்கிறது. கண்ணும் சரி என்கிறது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "மூலைக்கு மூலை பிடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார். ஒரு குறுக்கு மற்றதைவிட நான்கு மில்லி கூடுதல்.

அவர் வீட்டுக்குக் கால் போடும்போது மூன்றடி, நான்கடி, குறுக்கே ஐந்தடி என்று கயிறு பிடிப்பவர். அந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும். டேப் பிடிக்கத் தோன்றவில்லை.

வெல்டிங்கை வெட்ட மனம் வரவில்லை. மேலே மாட்டும் தண்டவாளங்களின் போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, இரண்டு குறுக்கும் ஒன்றாகும்வரை நகர்த்தினேன். இரண்டு சாயங்காலம். பிறகு ரசமட்டத்தில் ஒரு மூலை தாழ்ந்திருந்தது. கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து மூன்று மடிப்பாக அடியில் கொடுத்தேன். டின் தகடு ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லி கனம். மூன்று தகடு, குமிழி நடுவுக்கு வந்தது. அன்றைக்கு வேறு எந்த வேலையும் செய்யவில்லை. குளியலறைக் கதவு அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் உப்பியது.

*

கொட்டகைக்கு வெளியே அம்மாவின் ஆடுகள் இரண்டு. எங்கள் ஊரான மேச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடுதான். பழுப்பு நிறம், கம்பளி கிடையாது, குட்டை முடி. தோலுக்குத் தனி மதிப்பு. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே 1978இலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அகப்படாத ஒன்றை நான் கவனித்திருக்கிறேன்: டிரிம்மர் ஓடத் தொடங்கியதும் இவை அசைபோடுவதை நிறுத்திவிடும். நின்றதும் விட்ட வாயிலிருந்து தொடரும்.

*

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு சுற்றுக்கு அது 200 எட்டு வைக்கிறது. டிரைவர் ஒவ்வோர் எட்டையும் பதினாறாக உடைக்கிறது, ஆக 3200. ஒரு சுற்றுக்குத் தண்டு எட்டு மில்லி நகர்த்தும். அப்படியானால் ஒரு மில்லிக்கு 400 எட்டு. தலைமுடிக் கனத்துக்குள் ஏறக்குறைய முப்பது. அர்டுயினோ பலகை "நட" என்கிறது, மோட்டார் நடக்கிறது. நடந்துவிட்டேன் என்று அது திரும்பச் சொல்வதே இல்லை. மரத்தில் முடிச்சு இடறி நான்கு எட்டுத் தவறினாலும் பலகையின் கணக்கில் தவறாது. இருட்டில் எண்ணிக்கொண்டே மாடிப்படி இறங்குகிற மாதிரி. எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை தரையும் சரியான இடத்தில் இருக்கும்.

அதனால்தான் ஒரு மூலையில் சுவிட்ச் வைக்கிறார்கள். மிஷினைப் போட்டதும் முதல் வேலையாக மெல்ல நகர்ந்து போய், மூலையில் இருக்கும் சுவிட்சுகளை மூன்று திசையிலும் தொட்டு, டிக் டிக் டிக், இதுதான் வீடு என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். அதற்குப் பெயரே ஹோமிங்.

*

டிரிம்மரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவைக் கட்டினேன். வட்டம், சதுரம் என்று போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு மார்கழி நினைவு வந்தது. அம்மா போடும் சிக்குக் கோலம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டினேன். ஒரே இழை, புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். அட்டையை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் காட்டினேன். அம்மா கண்ணாடிகூடப் போடவில்லை.

"இழை சேரலையே கண்ணு."

இடது கீழ் வளைவில், தொடங்கிய கோடும் முடிந்த கோடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, தொடாமல் நின்றன. அளந்தால் அரை மில்லிகூட இல்லை. முடியில் முப்பதில் ஒரு பங்கு என்று நான் பெருமைப்பட்ட மிஷின்.

பட்டறையில் இதைப் 'பிளே' என்பார்கள். தண்டுக்கும் அதில் ஓடும் நட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. ஒரே திசையில் போகும்வரை தெரியாது. திரும்பும்போதுதான், தண்டு சுற்றத் தொடங்கியும் பேனா ஒரு கணம் அசையாமல் நிற்கும். தேய்ந்த சைக்கிளில் பெடல் பிடிப்பதற்கு முன்னால் கால் சும்மா இறங்குமே, அதுபோல. எத்தனை முறை திரும்புகிறதோ அத்தனை முறை கொஞ்சம் கொஞ்சம் விட்டுப்போகும். சிக்குக் கோலத்தில் திருப்பத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? இந்தச் சோதனையை நூலில் எழுதியவர்களுக்கு வாசல் தெளிக்கும் பழக்கம் இருந்திருந்தால் வட்டமும் சதுரமும் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு வாங்கி மாட்டினேன். இரண்டாவது கோலத்தை அம்மா விரலால் ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "ம்" என்றாள். கட்டில் கால் ஆடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

*

அலமாரிக்குக் காற்றுப் போக ஒரு ஜாலிப் பலகை வேண்டும் என்று மனைவி சொன்னதும் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. பட்டியலில் இருந்த வேலை ஒன்றுக்குள் மிஷின் நுழைந்துவிட்டது. 12 மில்லி பிளைவுட். ஒரு தடவைக்கு மூன்று மில்லி ஆழம், நான்கு தடவை.

காலை 8:20க்கு ஓட்டிவிட்டேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை, பக்கத்தில் நின்று என்ன செய்வது என்று மாடிக்குப் போய் மிதவையைக் கழற்றினேன். தொட்டி நிரம்பி வழிந்து சுவர் பாசி பிடித்து இரண்டு மாதம் ஆகிறது.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது மணிக்குக் கரண்டை எடுத்துவிட்டார்கள். பேப்பரில் போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. மாடியில் நின்றால் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 1440 மெகாவாட். அதைப் பார்த்துக்கொண்டே ஈரக் கையோடு வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன். கீழே சத்தம் நின்றதைக் கவனிக்கவில்லை. ஆடுகள் கவனித்திருக்கும்.

இறங்கி வந்தபோது லேப்டாப்பில், வேலை முடிந்தது என்று இருந்தது.

நடந்தது இதுதான். மோட்டாருக்கும் டிரிம்மருக்கும் கரண்டு போய்விட்டது. ஆனால் அர்டுயினோ லேப்டாப்பின் பேட்டரியில் உயிரோடு இருந்தது. அது நட, நட என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க யாரும் இல்லை. திரையில் ஜாலி முழுசாக வெட்டி முடிந்தது. மேசையில் டிரிம்மரின் கூர் ஒரு பள்ளத்தின் நடுவே இறங்கி நின்றபடி இருந்தது.

எந்த வரியில் நின்றது? 2000 வரிக்கு மேல்.

*

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். மிஷின் பக்கம் அவர் அதிகம் வருவதில்லை. தறி நின்ற இடம் என்பதாலோ என்னவோ.

"கரண்டு போனா தறியும் நிக்கும். அட்டை அங்கயேதான தொங்கும். இதுக்கு ஏன் மறக்குது?"

ஜக்கார்டு பெட்டியைத்தான் சொன்னார். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். சேலை முந்தானையில் மயில் வருவது அவ்வளவுதான். 1804இல் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு முடித்த ஏற்பாடு. 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதல் எண்வழி அரவை மிஷினை ஓட்டிக் காட்டியபோது அதற்கும் கட்டளை கொடுத்தது ஓட்டை போட்ட நாடாதான். அந்த யோசனைக்கு வித்திட்ட ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தவர். அப்பாவின் தறிக்கும் என் மேசைக்கும் ஒரே பாட்டன். இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நின்ன எடத்துலயிருந்து ஓட்டுனா சேலையில கோடு விழும். கடைசி ஊடைய மொதல்ல கண்ணால பாக்கணும். அப்புறம் பெட்டியக் கையால சுத்தி, ஒண்ணு ரெண்டு அட்டை பின்னால தள்ளி ஆரம்பிக்கணும்."

"பின்னால எதுக்குங்கப்பா?"

"முன்னால போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

*

ஒன்பதரை மணியிலிருந்து மாலைவரை நேரம் கிடந்தது. எஃகு ஸ்கேலை வைத்துப் பள்ளம் முடியும் இடத்தைப் பலகையின் இரண்டு விளிம்பிலிருந்தும் அளந்தேன். வெளிச்சத்துக்குக் கதவை அகலத் திறந்துவைத்தேன். ஆழத்தை ஒரு குச்சி விட்டுப் பார்த்தேன்: மூன்றாவது தடவையின் நடுவில். பிறகு லேப்டாப்பில் அந்த எண்களுக்கு அருகே வரும் வரிகளைத் தேடி ஒவ்வொன்றாகப் படித்தேன். அதுவரை அந்த வரிகளை நான் படித்ததே இல்லை. மென்பொருள் எழுதித் தந்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே போ. இறங்கு. நேராக வெட்டு. ஏறு. ஊர்ப்பெயர் தெரியாத டிரைவருக்கு வழி சொல்வதுபோலக் குட்டிக் குட்டி வரிகள்.

1191ஆம் வரி என்று பட்டது. அப்பா சொன்னபடி ஏழு வரி பின்னால் போனேன். நடுவில் தொடங்கினால் மிஷினுக்கு முன்கதை தெரியாது. எந்த அளவு, எவ்வளவு வேகம், கூர் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை எல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த வரிக்குள் விட வேண்டும். அவற்றையும் எழுதிச் சேர்த்தேன். மிஷினைப் பற்றி எழுதிவைக்கும் இந்த நோட்டைத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். முதல் பக்கத்தில் இருப்பது குறிப்பு அல்ல, ஓர் எண்.

ஒன்று கண்டுகொண்டேன். அர்டுயினோ தான் நிற்கும் இடத்தை மறந்துவிடுகிறது. வேலையின் தொடக்கப் புள்ளி மூலைச் சுவிட்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் மறப்பதில்லை. கரண்டு போனாலும் அழியாத ஒரு சின்ன நினைவில் அதை வைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டால் போதும், அங்கிருந்து வேலைக்கு வழி தெரியும்.

மீதி நேரத்தில் குளியலறைக் கதவைக் கழற்றி, உப்பிய அடிப்பக்கத்தை நான்கு விரல்கடை அறுத்து, அலுமினியத் தகடு மடக்கி அடித்தேன். அதற்குக் கரண்டு தேவைப்படவில்லை.

*

5:10க்குக் கரண்டு வந்தது. டிக், டிக், டிக். 1184ஆம் வரியிலிருந்து ஓட்டினேன். ஏற்கெனவே வெட்டிய பள்ளத்துக்குள் கூர் இறங்கிக் காற்றில் கொஞ்ச தூரம் போய், மரத்தைத் தொட்டதும் சத்தம் மாறியது. கரண்டு வந்த பிறகும் அப்பா வாசற்படியை விட்டு எழவில்லை.

சேர்ந்த இடத்தை நகத்தால் வருடினால் மெல்லிய படி ஒன்று தட்டுகிறது. உப்புத்தாள் போட்டால் போய்விடும். போடவில்லை. அலமாரியை மாட்டியாகிவிட்டது, அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறது. மாடித் தொட்டி வழிவதில்லை. சுவரில் மூன்று வரிகளை மனைவி கோடு போட்டு அடித்துவிட்டாள்.

அம்மாவின் கட்டில் கால் பாக்கி.