முஸாஃபிரும் முகீமும்

மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் தொடங்கும் மாணவனுக்குப் பயணத் தொழுகையின் பாடம் வந்தவுடன் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்குகின்றன அல்லவா? முப்பது ஆண்டுகளாக அப்பாடத்தை நடத்தி வரும் நானும் அதை ஒரு கணக்குப் பாடமாகவே நடத்தி வந்தேன். இவ்வளவு தொலைவு சென்றால் அவன் முஸாஃபிர், அதாவது பயணி; இத்தனை நாள் தங்க எண்ணினால் அவன் முகீம், அதாவது ஊரார். கணக்கு முடிந்தது, அடுத்த பாடம். அந்தக் கணக்கினுள் மனிதன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உறங்கிக் கிடப்பதை 2019ஆம் ஆண்டுக் கோடையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியது சென்னை மாநகரம்.

என் ஊர் சேலம் மாவட்டத்து மேச்சேரி. மேட்டூர் அணை கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி இருந்தும், பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. செந்நிற ஆடுகளுக்குப் பெயர் பெற்றது. ரமளானை ஒட்டி மதரஸா விடுமுறை விட்டதும், ஏப்ரல் இறுதியில், வில்லிவாக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் என் மகன் வீட்டுக்குச் சென்றேன். நோன்பும் பெருநாளும் கழிந்த பிறகே திரும்புவது என்பது நிய்யத். நகரத்தில் ஒருநாள் பெரியமேடு பக்கம் சென்றபோது, ஊர்ப்பெயரைச் சொன்னதும் தோல் வணிகப் பெரியவர் ஒருவர், “ஆட்டுத் தோலுக்குப் பேர் போன மேச்சேரியா?” என்றார். எனக்கு முன்பே என் ஊர் அங்கே வந்து சேர்ந்திருந்தது!

ஹனஃபி மத்ஹபின்படி பதினைந்து நாளும் அதற்கு மேலும் ஓர் ஊரில் தங்க எண்ணியவன் அங்கே முகீம் ஆகிறான். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே போதும். ஆகவே இரண்டு மாதம் தங்க வந்த நான், சென்னையில் கால் வைத்த அன்றே முகீம். லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதேன். மே 7ஆம் நாள் தொடங்கிய ரமளான் நோன்பில் ஒன்றையும் பயணத்தின் பெயரால் விடவில்லை. மார்க்கச் சட்டத்தின் முன் நான் சென்னைவாசி. இதில் எனக்கு ஓர் ஐயமும் இருந்ததில்லை.

அந்தக் கோடை எத்தகையது என்பதைச் சென்னையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்தன. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஆழ்குழாய்க் கிணறு காற்றைத்தான் கக்கியது. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி வீட்டுக்கு எட்டுக் குடம் என்று பங்கிட்டனர். நோன்பின் இரண்டாம் வாரத்தில் வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கீழ்த்தளத்து ஒற்றை அறையில் மனைவி மக்களோடு இருந்த காவலாளி லாரிச் செலவில் பங்கு தராததால் அவருக்குப் பங்கு இல்லை. வெளியில் பிடித்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. என் மகன் அன்று இரவு வேலைக்குப் போயிருந்ததால் அவனுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருந்தேன். முடிவு நெஞ்சில் உறுத்தியது. ஆயினும், ‘நாம் வந்த விருந்தாளி, இது இவர்கள் ஊர், இவர்கள் வழக்கு’ என்று எண்ணி வாய் மூடி இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஸஹர் உணவுக்காக எழுந்தவன் மாடத்தில் நின்று தெருவைப் பார்த்தேன். விடியலுக்கு இன்னும் நேரம் இருந்தது. காவலாளியின் மனைவி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சிறுமி தூக்கக் கலக்கத்தோடு சின்னக் குடத்தை இழுத்துக்கொண்டு நடந்தாள். என் கையில் ஒரு குவளை நீர் இருந்தது. அதைக் குடித்துத்தான் அன்றைய நோன்பை நோற்றேன்.

அன்று பகல் லுஹரில் நான்காம் ரக்அத்துக்காக எழுந்தபோது, ஓதுவது நாவிலும் நினைப்பு வேறெங்கோவுமாக நின்றேன். நான் ஏன் நான்கு தொழுகிறேன்? முகீம் என்பதால். அப்படியானால் அந்தக் கூட்டத்தில் ஏன் பயணியானேன்? இறைவனுக்கு முன் ஊராராக நிற்பவன் அண்டை வீட்டாருக்கு முன் மட்டும் முஸாஃபிர் ஆவது எந்த மத்ஹபின் சட்டம்? பயணிக்குச் சலுகை தந்தது மார்க்கம். அந்தச் சலுகையைத் தொழுகையில் கேட்கத் துணியாத நான், கடமையில் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே குடியிருப்பின் பொறுப்பாளரிடம் சென்று பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாய், நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா நீங்க அடுத்த மாசம் ஊருக்குப் போயிடுவீங்க. இங்க கிடந்து தண்ணிக்கு அல்லாடப் போறவங்க நாங்கதானே?” நான் ஒளிந்துகொண்ட சொல்லையே எடுத்து அவர் என்மேல் வீசினார். உடனே விடை சொல்ல இயலவில்லை.

அவர் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. விளைவைச் சுமக்காதவன் அறிவுரை சொல்வது எளிது. ஆனால் அறிவுரை சொல்லத் தகுதியற்ற அந்த விருந்தாளி, வீட்டுக்கு வந்த எட்டுக் குடத்தில் தன் பங்கை நாள்தோறும் குடித்துக்கொண்டுதான் இருந்தான். ஆதாயம் எவனுக்கோ அவனுக்கே பொறுப்பும் என்பது ஃபிக்ஹின் பொதுவிதிகளுள் ஒன்று. ஓர் ஊரின் நீரைக் குடிப்பவன் அவ்வூரின் நீதியிலும் அநீதியிலும் பங்காளி. அவனுடைய பொறுப்பு அவன் குடித்த நீரிலிருந்து தொடங்குகிறது. தங்கப்போகும் நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு அது தொடங்குவதில்லை. நான் பேசுவதற்கு உரிமை தந்தது இது. பேசுவதோடு நின்றுவிட முடியாமல் செய்ததும் இதுவே. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். “நம்ம பங்குல ஒரு குடம் குடுத்துடலாம் மாமா, நான் அடுத்த வீட்லயும் கேட்கிறேன்” என்றாள். அன்று மூன்று வீடுகள் ஆளுக்கொரு குடம் கொடுத்தன. கூட்டத்தின் முடிவு மாறவில்லை.

இங்கே சட்டத்தின் இன்னொரு நுட்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவன் ‘நாளை போவேன், நாளை மறுநாள் போவேன்’ என்ற எண்ணத்துடனே ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டாலும் ஹனஃபிச் சட்டப்படி அவன் பயணியே. இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் இருந்தபோதும் சுருக்கியே தொழுதார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அவர்கள் உண்மையாகவே வழி திறக்கக் காத்திருந்தவர்கள். நம் நகரங்களிலோ வழி திறந்தே கிடக்க, இருபது ஆண்டு வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடும் வாங்கிய பின்னரும், ‘இது என்ன ஊர்! நம் ஊர் போல வருமா?’ என்று உள்ளத்தில் மட்டும் மூட்டையைக் கட்டி வைத்திருப்பவர் பலர். தெருவில் குப்பை கிடந்தாலும், அண்டை வீட்டில் நோயாளி கிடந்தாலும், ‘நம் ஊரா என்ன?’ என்று கடந்துவிட அந்த மூட்டை உதவுகிறது.

புதிய ஊரை நேசித்தால் பிறந்த மண்ணுக்குத் துரோகமாகிவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். சட்ட மேதைகள் இதற்கும் வழி காட்டியுள்ளனர். சொந்த ஊருக்கு ‘வதனே அஸ்லி’ என்றும், தங்கியிருக்கும் ஊருக்கு ‘வதனே இகாமத்’ என்றும் பெயரிட்டார்கள். தங்கும் ஊரால் சொந்த ஊர் ரத்தாவதில்லை. சொந்த ஊரை ரத்தாக்கக் கூடியது இன்னொரு சொந்த ஊர் மட்டுமே. அதாவது, அங்கேயே நிலையாக வேரூன்றி முன்னதை விட்டுவிடுதல். மக்கா வெற்றியின்போது நபிபெருமானார் (ஸல்) அவர்கள், தாம் பிறந்து வளர்ந்த அந்நகரிலேயே பயணியாகச் சுருக்கித் தொழுதார்கள். மதீனா அவர்களுக்கு அந்த அளவு சொந்த ஊராகிவிட்டிருந்தது. மக்காவை அவர்கள் நேசிக்கவில்லை என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவர் எப்படி நடந்தார்கள் என்பதும் சிந்தனைக்குரியது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) சந்தைக்கு வழி கேட்டுச் சென்றார்கள். ரூமாக் கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டு ஏழைகள் இடருற்றபோது, அதைத் தம் பொருளால் வாங்கிப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களும் மக்காவிலிருந்து வந்தவர்களே. இது அன்ஸாரிகளின் ஊர், கிணற்றுத் தகராறு அவர்கள் பாடு என்று அவர்கள் இருந்துவிடவில்லை. சென்னையிலும் அப்படித்தானே? திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல், ஆர்க்காட்டிலிருந்து வந்து அங்கே வேரூன்றிய நவாபின் குடும்பத்தார் கட்டியது. அப்பெருநகரமே வந்தவர் கைகளால் ஆனது.

பெருநாள் கழிந்து ஜூன் மூன்றாம் வாரத்தில் ஊர் திரும்பினேன். ஊருக்குப் பயணம் புறப்பட்டுச் சென்னை எல்லையைக் கடந்ததுமே சட்டப்படி அங்கே என் இகாமத் முடிந்தது. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி வந்தது. எங்கள் பக்கத்து ஆற்று நீர், 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறிப் போயிருக்கிறது. “நம்ம ஊருக்குத் தண்ணி போயிடுச்சு” என்றேன் உரக்க. அடுப்படியிலிருந்து என் மனைவி, “எந்த ஊருக்கு?” என்று கேட்டாள்.

விடை சொல்லாமல் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். ரயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு, காவலாளி வீட்டுக்குக் குடம் போகிறதா என்றேன். “போகுது அத்தா. மூணு வீடு இப்ப அஞ்சு வீடாச்சு” என்றான். பன்னிரண்டில் ஐந்து. மீதி ஏழும் என் கணக்கில்தான் நிற்கின்றன. அன்றைய கூட்டத்தில் நான் ஊராராக வாய் திறந்திருந்தால் அவற்றுள் எத்தனை முன்வந்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.