அந்த நாலரை மீட்டர்

ஐந்தே முக்கால் நிமிடத்தில் உங்களால் என்ன செய்ய முடியும்? ஒரு காபி போடலாம். சீரியலுக்கு நடுவே வரும் விளம்பரங்களைப் பார்த்து முடிக்கலாம். டிராஃபிக் சிக்னலில் நின்றுகொண்டு முன்னால் இருக்கும் ஆட்டோக்காரரைத் திட்டலாம்.

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர ஆசைப்பட்ட பையன் அதே நேரத்துக்குள் 1,600 மீட்டர் ஓட வேண்டியிருந்தது. 400 மீட்டர் மைதானம் என்றால் நாலு ரவுண்டு. பல வருடங்களாக ஆள்சேர்ப்பு முகாம்களில் இருந்த கணக்கு இதுதான்: ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் 60 மார்க். அதைத் தாண்டி ஐந்தே முக்காலுக்குள் வந்தால் 48. அதற்கப்புறம் ஒரு விநாடி ஆனாலும் ‘போய்ட்டு வாப்பா’. ஓடி முடித்த மூச்சு அடங்குவதற்குள் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்க வேண்டும். பத்து முறை இழுத்தால் 40 மார்க், ஆறு முறை என்றால் வெறும் 16. பிறகு ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது, வளைந்து நெளிந்து போகும் கட்டை மேல் விழாமல் நடப்பது. அதற்குப் பின் உயரம், எடை, மார்பளவு. 77 சென்டிமீட்டர் மார்பு, மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

இப்படிப்பட்ட முகாமை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். பையன்களைக் கூட்டம் கூட்டமாக ஓட விடுவார்கள். நேரம் முடிந்ததும் கோட்டின் குறுக்கே ஒரு கயிறு வந்து விழும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் அடுத்த கட்டத்துக்குப் போவான். அந்தப் பக்கம் நிற்பவன் ஊருக்கு பஸ் ஏறுவான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1,600 மீட்டரை 345 விநாடியில் கடப்பவன் விநாடிக்கு ஏறத்தாழ 4.6 மீட்டர் ஓடுகிறான். அப்படியென்றால் 5:46-ல் வருகிறவன், கயிறு விழும்போது கோட்டுக்கு நாலரை மீட்டர் தள்ளி இருக்கிறான். உங்கள் வீட்டு ஹாலின் நீளம்! ஒரு வருஷம் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடியது அந்த ஹாலுக்குள் முடிந்துபோகிறது. கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கிளம்பியதாலேயே இரண்டு விநாடி போயிருக்கலாம். அதைக் கயிறு கேட்காது.

இது நியாயமா?

“எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும் சார்?” என்பீர்கள். வாஸ்தவம். கோட்டை 5:46-க்கு நகர்த்தினால் 5:47 அழுவான். இது பழைய கிரேக்கப் புதிர். மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியை எடுத்ததும் அது குவியல் இல்லாமல் போகிறது என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குழப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். தத்துவவாதி அதில் உட்கார்ந்துகொண்டே இருக்கலாம். சுபேதார் மாலைக்குள் முகாமை முடித்தாக வேண்டும்.

பரிதாபப்பட்டுத் தளர்த்துவதிலும் சிக்கல் உண்டு. சியாச்சினில் காவல் சாவடிகள் பதினெட்டாயிரம் அடிக்கு மேல் இருக்கின்றன. அங்கே ஒருவன் சுருண்டு விழுந்தால் பக்கத்தில் நிற்பவன்தான் அவனைத் தூக்கி வர வேண்டும். மைதானத்தில் நாம் காட்டுகிற இரக்கத்துக்கு விலை கொடுப்பவன் வேறொருவன். ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரை விழுங்கிவிட்டு ஓட வருகிறவனை என்னால் மன்னிக்க முடியாததும் இதனால்தான். பரீட்சையில் பிட் அடிப்பவன் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறான் என்று சமாதானம் சொல்லலாம். இங்கே அந்தச் சமாதானம் செல்லாது.

ஆகவே கோடு வேண்டும். கறாராகவே வேண்டும். ஆனால், அந்தக் கோடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப், ஹரியானா பையனுக்கு 170 சென்டிமீட்டர். நம் தமிழ்நாட்டுப் பையனுக்கு 166. கூர்க்காவுக்கு 157. உயரம் அவரவர் முயற்சியால் வருவதில்லை என்பது ராணுவத்துக்குத் தெரிந்திருக்கிறது. (ராணுவ வீரரின் மகன் என்றால் இன்னும் 2 சென்டிமீட்டர் சலுகை. அப்பாவின் சர்வீஸுக்கு மகனின் உயரத்தில் போனஸ்! சரி, அது இருக்கட்டும்.) ஆனால் ஓட்டத்துக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே கடிகாரம். உயரம் கடவுள் கொடுத்தது, வேகம் நீயாகச் சம்பாதித்தது என்று அதற்கு அர்த்தம். வேகம் முழுக்க அவன் சம்பாத்தியம்தானா? பத்து வயதில் அவன் தட்டில் முட்டை இருந்ததா? ரத்தசோகையோடு பிறந்தானா? காலுக்கு ஷூ எப்போது கிடைத்தது?

இந்தக் கேள்விகளை ஒரு அரசாங்கம் ஒருமுறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. 1899-ல் போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப்போன பிரிட்டன், மான்செஸ்டர் மாதிரியான தொழில் நகரங்களில் வரிசையில் வந்து நின்ற இளைஞர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. உடம்பு தேறவில்லை. முதலில் வழக்கம்போல, ‘இந்தக் காலத்துப் பசங்களே வீக்’ என்று பேசினார்கள். அப்புறம் ஒரு கமிட்டி உட்கார்ந்து 1904-ல் அறிக்கை கொடுத்தது. 1906-ல் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடச் சட்டமே வந்தது. அமெரிக்காவில் 1946-ல் தேசிய பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்ததற்கும், இரண்டாம் உலகப் போரில் உடல் தேறாமல் திரும்பிய இளைஞர்கள் ஒரு காரணம். (நம் ஊரில் காமராஜர் 1956-லும் எம்.ஜி.ஆர். 1982-லும் சோறு போட யுத்தம் தேவைப்படவில்லை. இதற்காகக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

தோற்றவனைப் பார்த்து ‘உனக்கு மன உறுதி போதாது’ என்று சொல்வது சுலபம். செலவும் கிடையாது. அவன் பின்னால் இருக்கிற ஊரைப் பார்ப்பதற்குத்தான் பட்ஜெட் தேவைப்படுகிறது.

இது தோற்றவன் கதை. ஜெயித்தவன் கதை ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

கொரோனா காலத்தில் பல முகாம்கள் நின்றன. சில நடந்தன. அவற்றில் ஓடி, கம்பியில் தொங்கி, மெடிக்கலும் தேறிய பையன்கள் எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தார்கள். தேதி வந்தது, தள்ளிப்போனது. மறுபடி வந்தது, மறுபடி தள்ளிப்போனது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாலு வருஷ வேலை, அதன்பின் 25 சதவிகிதம் பேர் வரை மட்டுமே நிரந்தரம். பழைய ஆள்சேர்ப்பு ரத்து. ஏற்கெனவே தேறியவர்களும் முதலிலிருந்து வரவேண்டும். 21 வயது உச்சவரம்பை அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். அதையும் தாண்டியவர்களுக்குக் கதவு மூடியது. கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பட்டியலில் பெயர் வந்துவிட்டதால் மட்டும் வேலை உரிமையாகிவிடாது என்பதே சட்டத்தின் நிலை.

பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லா பேப்பரில் இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். கடைக் கண்ணாடிக்குள் சட்டை மேல் விலைச் சீட்டு தொங்கினால், கடைக்காரர் அதை உங்களுக்கு விற்றே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. ‘வாங்க வாங்க’ என்று அழைப்பு, அவ்வளவுதான். ஆள்சேர்ப்பு விளம்பரமும் அந்த ஜாதி. சட்டப்படி சரி. நான் நீதிமன்றத்தோடு சண்டைக்குப் போகவில்லை.

ஆனால் சட்டம் ‘உரிமை இல்லை’ என்று சொல்கிற இடத்தில் ‘கடன் இல்லை’ என்றும் நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறோமே, அதற்கு என்ன ஆதாரம்? சட்டைக் கடையில் நீங்கள் விலைச் சீட்டைப் பார்த்ததோடு சரி. இந்தப் பையன் விலையையே கொடுத்துவிட்டான். தினம் விடியற்காலையில், கால் நரம்பில், சினிமாவுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில். ஒரு விநாடி தாமதமாக வந்தவனை உள்ளே விடாத அதே நிர்வாகம், ஒரு தேர்வை ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாக்கிவிட்டு, பிறகு இல்லவே இல்லை என்றது. கயிறு ஒரு பக்கத்துக்கு மட்டும்தானா? கறாராக இருப்பது ஒழுக்கம் என்றால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவனுக்கும் இந்தப் பக்கம் ஸ்டாப் வாட்ச் பிடித்திருப்பவருக்கும் அது பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? நாட்டின் தேவைக்காகத் திட்டத்தை மாற்ற அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. தேறி நின்றவர்களை முதலில் எடுத்துவிட்டு மாற்றியிருக்கலாம். முடியாதென்றால், ஓடிய ஓட்டத்தையாவது கணக்கில் வைத்திருக்கலாம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் அப்துல் கலாம் கதையைச் சொல்வார். விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்தவர் பின்னால் ஜனாதிபதியே ஆனார் என்று. நல்ல கதை. ஆனால் அப்போது அவர் கையில் எம்.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயரிங் இருந்தது. வேலூர் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு மைதானத்தையே நம்பியிருந்த பையனிடம் போய், “கவலைப்படாதே தம்பி, உழைப்பு வீண் போகாது” என்கிறோம். ஒரு ரவுண்டுகூட ஓடாதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறோம் என்பதைக் கவனித்தீர்களா? சில உழைப்பு வீணாகத்தான் போகிறது. அதை அவன் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்வது அவனை மதிப்பதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விடியற்காலையில் வாக்கிங் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இருட்டு பிரியாத மைதானத்தில் பத்துப் பதினைந்து பையன்கள், ரிட்டயர்டான ஒரு ஹவில்தார், தேய்ந்த ஷூக்கள். அதில் கொஞ்சம் வயது கூடினவனாக ஒருவன் இருப்பான். எந்த முகாமுக்கும் அவன் போக முடியாது, வயது தாண்டிவிட்டது. அப்படி ஒருவனிடம், பிறகு ஏன் தினமும் வருகிறாய் என்று கேட்டேன். “நாலாவது ரவுண்டுல பசங்க செத்துருவாங்க சார். முன்னாடி ஒருத்தன் ஓடுனா பின்னாடியே வந்துருவாங்க” என்றான். அன்றைக்கு அவன் பின்னால் ஓடி வந்தவர்களில் மூன்று பேர் ஐந்தே முக்காலுக்குள் வந்தார்கள்.