கழுவாயும் கணக்கும்

வீட்டுமனைக்காக ஓரிடத்தில் அழியும் உயிர்களின் வாழிடத்தை வேறோரிடத்தில் உருவாக்கிக் கொடுப்பது இன்று சில நாடுகளில் சட்டம். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானங்கள் அழித்ததைவிட 10 விழுக்காடு கூடுதலாக இயற்கையை மீட்டு, 30 ஆண்டுகள் பேண வேண்டும். மனைக்குள் முடியாவிட்டால் வெளியிடத்தில் செய்யலாம். இந்தியாவில் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால் ஈடாகக் காடு வளர்க்க வேண்டும். அதற்கான நிதிக்கென்றே 2016இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் குற்றால மலையடிவாரத்துப் பட்டா மாந்தோப்பு மனைகளாகும்போது பொதுவாக இந்தக் கடமை எழுவதில்லை. வடகரை, மேக்கரைப் பக்கம் யானைகள் இறங்குவதோ அத்தகைய தோப்புகளில்தான்.

ஓரிடத்துத் தீங்கை இன்னோரிடத்து நன்மை தீர்க்குமா என்பது அறநெறிக் கேள்வி. தீர்க்கும் என்பதற்குப் பக்கத்திலுள்ள தென்காசியின் பெயரே சான்றுபோலத் தோன்றும். காசிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான் என்பது மரபு. ஆனால் தென்காசி எழுந்ததால் வடகாசியில் ஒரு கல்லும் பெயரவில்லை. இறைவன் ஈரிடத்திலும் இருப்பான். யானைக்கு உடல் ஒன்றுதான். குற்றாலம் வேறொன்றைச் சொல்கிறது. அங்கே தலமரமான குறும்பலாவுக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப்பதிகம் பாடினார். பலா எங்கும் காய்க்கும். வணக்கம் அந்த ஒரு மரத்துக்கு.

சைவ சித்தாந்தம் இதில் தெளிவாக இருக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், ஒரு வினையை மற்றொரு வினை அழிக்காது என்கிறது. நல்வினையும் தீவினையும் தனித்தனியே பயன் தரும். விதித்த முறையில் செய்யும் கழுவாய் மட்டுமே தீவினையை இலேசாக்கும். கழுவாய்க்கு முதற்படி, செய்தது தீங்கு என்று ஒப்புக்கொள்வது. பணம் கட்டி அனுமதி வாங்கும் முறையில் அந்த ஒப்புதலுக்கு இடமே இல்லை.

ஒப்புக்கொண்டாலும் ஈடுசெய்ய முடியாத தீங்கும் உண்டு. இருவாச்சிப் பறவை முதிர்ந்த மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். பெண் பறவை உள்ளே புகுந்து, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியே ஊட்டும். இப்போது நடும் கன்றில் அப்படியொரு பொந்து விழ மனித ஆயுள் போதாது.

ஆகவே ஈடு கழுவாயாக வேண்டுமானால், அது தீங்குபட்ட உயிரையே சென்றடைய வேண்டும். யானைத்தடத்தை ஒட்டிய தோப்பு மனையாகிறதென்றால், மாற்று வழி அந்தத் தடத்தோடு சேர்ந்து, மனை விற்பதற்கு முன்பே அமைய வேண்டும். வேறொரு தாலுகாவில் வரிசையாக நட்ட வேப்பங்கன்றுகளால் அந்த யானைக் கூட்டத்துக்குப் பயனில்லை. பொந்துள்ள முதுமரத்துக்கு இந்த வழியும் கிடையாது. அதை வெட்டாமல் மனைப்பிரிவின் வரைபடத்தைத்தான் மாற்ற வேண்டும்.