பெயரில் இல்லாதவர்கள்

ஒரு நோய்க்குப் பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறதா? இலங்கையில் காப்பி இலைகளில் துருவாகப் படர்ந்த பூஞ்சணத்துக்கு 1869-ல் பர்க்லியும் ப்ரூமும் வைத்த லத்தீன் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முன்பாதி வெறும் வர்ணனை. ஸ்போரின் ஒரு பாதி வழவழப்பாக இருக்கும். பின்பாதி குற்றச்சாட்டு. பாழ்செய்பவள்.

1880-ல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இதை ஆராய இலங்கைக்கு வந்தார். கிளிஸரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் ஸ்போர்களைப் பிடித்தார். ஸ்போர் இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது, ஈரம் வேண்டும். முளைத்த இழை இலையின் அடிப்புறத் துளை வழியே உள்ளே போய் செல்களில் உறிஞ்சிகளைச் செருகுகிறது. சில வாரங்களில் ஆரஞ்சு நிறப் பொடி. பிறகு இலை உதிர்கிறது. செடி சுவாசிக்கும் வாசலே நோய்க்கும் வாசல். (இதை உருவகமாக்கத் துடிக்கும் கவி நண்பர்கள் சற்றுப் பொறுக்கலாம்.)

தோட்டக்காரர்கள் மருந்து கேட்டார்கள். வார்டிடம் இருந்தது விளக்கம்தான். மலைமலையாக ஒரே செடியை இடைவெளியின்றி நட்டது பூஞ்சணத்துக்கு வைத்த விருந்து என்பதும் அந்த விளக்கத்தில் அடக்கம். எத்தியோப்பியக் காடுகளில், பல மரங்களின் நிழலில் சிதறி நிற்கும் காப்பியோடு இதே பூஞ்சணம் அதை அழிக்காமல் வாழ்கிறது. அங்கே அவள் எதையும் பாழ்செய்யவில்லை. இரண்டரை லட்சம் ஏக்கரை ஒரே செடியாக்கியவர்கள் பெயரில் இல்லை.

காரணம் வேறு, பொறுப்பு வேறு. பூஞ்சணம் காரணம். அதனால் பொறுப்பேற்க முடியாது. காரணம் அகப்பட்டதும் பொறுப்பைப் பற்றிய கேள்வி தீர்ந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இதற்கு எதிரான சோம்பலும் உண்டு. இலையைப் பார்க்காமலே 'அமைப்புதான் குற்றவாளி' என்று கோஷமிடுவது. வார்ட் முதலில் துளையைப் பார்த்தார், அதனால்தான் நடவைப் பற்றிப் பேச அருகதை பெற்றார்.

இப்படிப் பெயர் வைப்பதில் நாமும் சளைத்தவர்களல்ல. 1876-78 பஞ்சத்தை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஜனங்களும் தாது வருஷப் பஞ்சம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். வருஷம் செய்ததாம்! மழை பொய்த்தது வாஸ்தவம். அப்போதே இந்தியத் துறைமுகங்களில் தானியம் கப்பலேறியதும் வாஸ்தவம். பஞ்சத்துக்குத் தப்பி, இந்த வறண்ட சீமையிலிருந்து மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழி நடந்து மலையேறியவர்கள் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே துரு விழுந்த தோட்டங்களுக்கு.

1884-ல், காப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளுக்குக் கவர்னர் கார்டன் அரசின் உத்தரவாதம் அளித்தார். பாங்கு குமாஸ்தாவான எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கூலி கங்காணியிடம் பட்ட கடனோ செடியோடு சாகவில்லை. 'துண்டு' என்ற சீட்டில் ஏறி அவனோடு அடுத்த தோட்டத்துக்குப் போயிற்று. 1921 வரை அந்த முறை நீடித்தது.

காப்பி போன மலைகளில் மறுபடியும் ஒரே செடியை நட்டார்கள், தேயிலையை. 1946-ல் அதன் இலைகளிலும் ஒரு பூஞ்சணம் கொப்புளம் கிளப்பிற்று. அதன் லத்தீன் பெயரின் பின்பாதி வெக்ஸான்ஸ். தொல்லை தருவது.