கல்லூரி மாறுவது நியாயமா?

ஒரு கடையில் சம்பளத்திற்கு இருந்துகொண்டே, அடுத்த தெருவிலுள்ள பெரிய கடை முதலாளிக்கு ஆள் அனுப்பி இடம் கேட்கும் பையனை நாம் என்னவென்று சொல்கிறோம்? வர்த்தகர்களாகிய நம்மில் பெரும்பாலோர் நல்ல வார்த்தை சொல்லமாட்டோம். “இங்கே தொழில் பழகிக்கொண்டு அங்கே போகப் பார்க்கிறான்” என்போம். ஆனால் நம் சொந்தப் பிள்ளை ஒரு கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே, அதைவிடப் பேர்போன இன்னொரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால், அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுகிறோம். இவ்விரண்டிற்கும் உண்மையிலேயே வேற்றுமை உண்டா, அல்லது ஆளுக்கொரு படிக்கல்லை வைத்து நிறுக்கிறோமா என்பதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

இது வெறும் வாய்ப்பேச்சுக்காக எழுந்த கேள்வி அன்று. மலேசியாவில் தனியார் கல்லூரிகள் சில, அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம் என்று ஒன்றை நடத்தி வருகின்றன. ஓரிரண்டு ஆண்டு இங்கே படித்து, அந்தப் பாடங்களின் கணக்கோடு கடல் கடந்து, அமெரிக்கப் பல்கலைக் கழகமொன்றில் மீதியை முடிப்பது அதன் ஏற்பாடு. வீட்டுச் சோறு தின்றுகொண்டு பாதிப் படிப்பை முடித்துவிடலாம் என்பதால் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது ஏற்றதாயிருக்கிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய கதவுகளையும் தட்டிப் பார்க்கும் ஆசை பிறக்கிறது. ஏற்கெனவே அமெரிக்கா சென்று ஒரு கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதே ஆசை உண்டு. இது பற்றிக் கேட்கும் தகப்பனார்கள் “இடம் கிடைக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். “செய்வது சரியா?” என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஆகவே கிடைக்குமா என்பதை முதலில் சொல்லிவிடுவோம்.

ஹார்வர்ட் கல்லூரிக்கு மாற்று மாணாக்கராகச் சேர வேண்டி ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,500 பேர் எழுதுகிறார்கள். அது எடுத்து வந்திருப்பது சுமார் ஒரு டஜன் பேரை. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 1990 முதல் நெடுங்காலம் ஒருவரையும் எடுக்கவில்லை. 2018இல் மறுபடி கதவைத் திறந்தபோது 1,429 பேர் எழுதினார்கள், 13 பேருக்கு இடம் கொடுத்தது. காரணம் எளிது. இத்தகைய கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்தவர்களில் விட்டுப் போகிறவர் மிகச் சொற்பம். போகிறவர் இல்லாத விடுதியில் வருகிறவருக்கு அறை ஏது? முதலாண்டு விண்ணப்பத்திலே ஹார்வர்ட் நூற்றுக்கு மூன்று நான்கு பேரை எடுக்கிறதென்றால், மாற்று விண்ணப்பத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. கொல்லைப்புற வாசல் என்று சிலர் இதை எண்ணுகிறார்கள். அந்த வாசல் முன்வாசலைவிடக் குறுகலானது.

கலிபோர்னியாவின் கதை வேறு. அம்மாநிலம் 1960இல் ஒரு பெருந்திட்டம் வகுத்து, சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர் மாநிலப் பல்கலைக் கழகத்துக்கு மாறுவதை முறையான பாதையாகவே ஆக்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் அண்மை ஆண்டுகளில் முதலாண்டு விண்ணப்பதாரரில் பத்தில் ஒருவரைக்கூட எடுக்காதபோது, மாற்று விண்ணப்பதாரரில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை எடுத்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். டேவிஸ், இர்வைன் முதலிய ஆறு வளாகங்கள், குறித்த மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே உறுதியும் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் அந்த உறுதியைத் தருவதில்லை.

நிற்க. கடைப் பையன் விஷயத்துக்கு வருவோம். பையன் சம்பளம் வாங்குகிறவன். மாணாக்கன் சம்பளம் கட்டுகிறவன். ஒருவன் தன் உழைப்பை விற்றிருக்கிறான், மற்றவன் கல்வியை வாங்குகிறான். வாங்குகிறவன் அடுத்த கடைக்குப் போவதைத் துரோகம் என்று எந்த வியாபாரியும் சொல்ல முடியாது. அன்றியும், அமெரிக்காவில் இது ஒளிவுமறைவாக நடப்பதன்று. மாற்று விண்ணப்பம் என்றே தனிப் படிவம் இருக்கிறது. பையனின் நடத்தையும் நிலையும் சரிதான் என்று பழைய கல்லூரியின் அலுவலரே அதில் எழுதிக் கொடுக்கிறார். நடுத்தவணை மதிப்பெண்ணைப் பேராசிரியர்களே குறித்துக் கொடுக்கிறார்கள். விட்டுப் போகிறவனுக்கு வழிகாட்டும் கதவைக் கல்லூரியே கட்டி வைத்திருக்கிறது.

கல்லூரிகளும் மாணாக்கருக்கு அப்படியொன்றும் கட்டுப்பட்டு நிற்பதில்லை. 2008இல் ஹார்வர்ட், விடுதியில் நெருக்கடி என்று சொல்லி, இரண்டாண்டுக்கு மாற்று மாணாக்கரை எடுப்பதில்லை என அறிவித்தது. அவ்வாண்டுக்கான விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஆகவே மாறுவது என்ற செயலே குற்றம் என்று நாம் கருதவில்லை. குற்றம் நுழைவதற்கு வேறு சந்துகள் இருக்கின்றன.

முதல் சந்து நிய்யத்தைப் பற்றியது. சேரும் நாளிலேயே “ஓராண்டு இங்கே ஒட்டிக்கொண்டு பிறகு மாறிவிடுவேன்” என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு சேருகிறவன் ஒருவன். மனமார நான்காண்டுக்கென்று வந்து, தான் நாடும் பாடம் அங்கே இல்லை என்று பின்னர் கண்டுகொண்டவன் ஒருவன். இரண்டாமவன்மீது நமக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. முதலாமவன் விஷயத்தில் ஒன்றைப் பார்க்கவேண்டும்: எதிர்த் தரப்புக்குத் தெரியுமா, தெரியாதா? கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் சேருகிறவன் இரண்டாண்டில் போய்விடுவான் என்பது எல்லாருக்கும் தெரியும். நம் நாட்டு மாற்றுத் திட்டமும் அவ்வாறே. அங்கே மறைப்பு இல்லை. ஆனால் நான்காண்டுக்கென்று ஒதுக்கிய உபகாரச் சம்பளத்தை, நான்காண்டு இருப்பவனைப் போல் முகம் காட்டி வாங்கிக்கொண்டு, முதல் மாதத்திலேயே வேறிடத்துக்கு மனுப் போடுகிறவன் சரக்கின் பழுதைத் தெரிந்தே மூடி விற்கிறான். அந்தப் பணம் கிடைக்காமற்போன இன்னொரு பிள்ளை எங்கோ இருக்கிறது. “ஆண்டுக்கு இத்தனை பேர் போவார்கள் என்பது கல்லூரிக்குத் தெரியும், அவர்கள் கணக்கிலே அதுவும் சேர்ந்திருக்கிறது” என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். கிட்டங்கியில் மூட்டைக்கு இவ்வளவு சேதாரம் என்று நாமும் கணக்கில் எழுதுகிறோம். அதனால் மூட்டையில் ஓட்டை போடுகிறவன் நல்லவனாகிவிடுவானா?

இதைவிட நுட்பமானது பேராசிரியரிடம் வாங்கும் கடிதம். மேற்சொன்ன உயர் கல்லூரிகளில் பல, இப்போது பாடம் நடத்தும் ஆசிரியர் இருவரிடமிருந்து கடிதம் கேட்கின்றன. கடைசித் தேதி பெரும்பாலும் மார்ச் மாதத் தொடக்கத்தில் வருகிறது. செப்டம்பரில் சேர்ந்த பிள்ளையை அந்த ஆசிரியர் ஐந்தாறு மாதமாகத்தான் அறிவார். அந்தக் குறுகிய பழக்கத்தை வைத்து, தம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒருவனை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதத்தை அவர் எழுதவேண்டும். அவருக்கு அதனால் ஒரு காசு வரவு இல்லை; நல்ல மாணாக்கன் ஒருவன் செலவு. நம் பேட்டையிலே, “இவரை நம்பி ஐயாயிரம் வெள்ளிச் சரக்கைக் கடனாய்க் கொடுக்கலாம்” என்று ஒரு பெரிய வியாபாரி இளையவனுக்காகச் சொல்வாரே, அதற்கு ஒப்பானது இது. அந்த வாக்கு ஓர் அமானிதம்.

அந்தக் கடிதத்தையே குறியாகக் கொண்டு, முதல் வாரத்திலிருந்து ஆசிரியரின் அறை வாசலில் நின்று, இல்லாத ஐயங்களைக் கேட்டுத் தலையாட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுக்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். இது பொய் என்று எந்தச் சட்டமும் சொல்லாது, நாம் சொல்லுவோம். செய்யத் தக்கது ஒன்றே. நேரே போய், “ஐயா, நான் மாறிப்போக எண்ணுகிறேன், காரணம் இது, தங்களுக்குச் சம்மதமில்லாவிட்டால் எனக்கு வருத்தமில்லை” என்று கேட்பது. சில ஆசிரியர்கள் மறுப்பார்கள். பலர் மறுக்கமாட்டார்கள், பிள்ளை நன்றாயிருக்கட்டும் என்றே எழுதுவார்கள்.

இங்கே முன்சொன்ன கணக்கை மறுபடி பார்க்கவேண்டும். நூறு பேர் எழுதி ஒருவருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறதென்றால், தொண்ணூற்றொன்பது பேருக்குமேல் அதே கல்லூரியில், அதே ஆசிரியர் முன்னால், இன்னும் இரண்டு மூன்று ஆண்டு உட்காரவேண்டும். எல்லாரும் போகிறவனைப் பற்றியே பேசுகிறார்கள். நமக்குக் கவலை போகமுடியாதவனைப் பற்றியது. அவன் எந்த வார்த்தையைச் சொல்லி கடிதம் கேட்டானோ, எந்த வார்த்தையைத் தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதினானோ, அந்த வார்த்தைகளோடுதான் அவன் அங்கே வாழவேண்டும்.

அந்தக் கட்டுரையையும் கவனிப்போம். “ஏன் மாற விரும்புகிறாய்?” என்று கேட்கிறார்கள். கைக்கு எளிதாய் வருவது பழைய கல்லூரியைப் பழிப்பது: வகுப்பு மட்டம், சக மாணாக்கர் சோம்பேறிகள், நூல்நிலையம் போதாது. பழைய முதலாளியைத் திட்டிப் புது இடத்தில் வேலை கேட்கிறவனை நாம் வைத்துக்கொள்வோமா? அங்கேயும் வைத்துக்கொள்வதில்லை. இன்னொரு வகை, இணையத்தில் தேடி ஒரு பேராசிரியரின் பெயரைப் பொறுக்கி, அவரிடம் பயிலவே பிறவி எடுத்ததுபோல் எழுதுவது. உண்மைக் காரணம் கல்லூரியின் பெயர்தான் என்றால், அந்தப் பெயருக்கு என்ன விலை என்பதைப் பிள்ளை தன்னளவிலாவது கேட்டுப் பார்க்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் ஏஜெண்டுகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட கல்லூரி அனுமதி மோசடியில் சிறை சென்ற பெற்றோர் விவரமறியாதவர்கள் அல்லர். செல்வர்கள், சிலர் பேர்பெற்ற நடிகைகள்.

பெயரின் விலை பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், உயர் கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள், பிற்காலத்தில் பொதுவாக அதே அளவு சம்பாதித்ததாகக் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உயர் கல்லூரியால் இலாபம் தெரிந்தது. 2023இல் ராஜ் செட்டி முதலானோர், பேர்போன பன்னிரண்டு கல்லூரிகளால் சராசரி வருவாய் பெரிதாய் உயரவில்லை, ஆனால் நாட்டின் மிக உச்சியிலுள்ள நூற்றில் ஒருவராகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது என்றார்கள். இரண்டும் மெய்யாக இருக்கலாம். தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2022இல் கொலம்பியா பல்கலைக் கழகம் தர வரிசைக்குக் கொடுத்த புள்ளிகள் தவறு என்று அதன் கணிதப் பேராசிரியர் ஒருவரே சுட்டிக் காட்ட, பல்கலைக் கழகம் சில பிழைகளை ஒப்புக்கொண்டது, இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் அங்கே நடத்திய பாடம் பதினாறு படி கெட்டுப்போகவில்லை.

மாறியவர்களில் பேர்பெற்றோர் பலர். பராக் ஒபாமா 1981இல் ஆக்சிடெண்டல் கல்லூரியிலிருந்து கொலம்பியாவுக்கு மாறினார். டொனால்டு டிரம்ப் 1966இல் ஃபோர்டாமிலிருந்து பென்சில்வேனியாவுக்கு மாறினார். அதே பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியில் இரண்டாண்டு இருந்துவிட்டு, அதை உதறி, சொந்த ஊர்ப் பக்கமுள்ள நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்துக்குத் திரும்பி 1950இல் பட்டம் பெற்றவர் வாரன் பஃபெட். மேலிருந்து கீழே மாறினார் என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம். அவருடைய ஐந்தொகையைப் பிறகு உலகம் பார்த்தது.

இனி, குடும்பத்தின் பங்கு. அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தாம் படித்த கிரெடிட்டில் நூற்றுக்கு 43 பங்கை இழந்தார்கள். நூறு மூட்டை ஏற்றி ஐம்பத்தேழு மூட்டை இறங்கினால் நாம் கப்பல்காரனைச் சும்மா விடுவோமா? ஹார்வர்ட் போன்ற கல்லூரியில் மாறி வந்தவரும் குறைந்தது இரண்டாண்டு அங்கேயே படித்தாக வேண்டும். இழந்த பாடம் இன்னோர் ஆண்டாக நீளும். அந்த ஆண்டின் பணம் தங்கையின் படிப்பிலிருந்தோ தம்பியின் பங்கிலிருந்தோ வரும். அயல்நாட்டு மாணாக்கருக்கு உதவிப் பணம் கொடுப்பதில் கைச்சுருக்கமான கல்லூரிகள் உண்டு. அண்ணனின் ஆசைக்குத் தங்கை செலுத்தும் தவணையை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை. விண்ணப்பம் போடுமுன் வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்து, அந்தப் பிள்ளையையே கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அத்தாவும் அம்மாவும் மட்டும் அறையில் பேசி முடித்தால் போதாது.

மார்ச்சில் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் மே, ஜூனில்தான் வருகிறது. இடையிலுள்ள மாதங்களில் பிள்ளையின் உடல் ஒரு கல்லூரியிலும் மனம் இன்னொன்றிலும் இருக்கும். நண்பர்களோடு அடுத்த ஆண்டுக்கு அறை பேசவும் தயங்குவான். அந்த நேரத்தில் நம் கடைகளில் நடப்பது வேறு. சரக்கு வாங்க வருகிறவரிடமெல்லாம், “மகன் ஹார்வர்டுக்கு எழுதியிருக்கிறான்” என்று சொல்லி வைக்கிற தகப்பனார்கள் உண்டு. ஜூன் பிறந்ததும் அந்த ஒவ்வொருவரும் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். விடுமுறைக்கு வந்து கடையில் நிற்கும் பையன்தான் அதற்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.